லிட்டருக்கு இருபது

தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த தெருவில் துணி துவைப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கொடியில் வெள்ளைத் துணியைப் போடுவதற்கு முன்னால் ஜன்னல் விளிம்பை விரலால் ஒரு தடவு தடவிப் பார்ப்பார்கள். விரலில் சிவப்பு ஒட்டினால் அன்று சிவப்பு வண்டி, நீலம் ஒட்டினால் நீல வண்டி. பெயிண்ட் கூடத்திலிருந்து காற்றில் வந்த அந்தத் தூசியை யாரும் திட்டியதில்லை. அது நின்றுபோனால்தான் பயப்பட வேண்டும் என்பது குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அந்த வருடம் அது அடிக்கடி நின்றது.

ஸ்கேல் அக்காவின் வேலை மாஸ்கிங் செக்‌ஷனில். வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் கண்ணாடி, ரப்பர், விளக்கு எதிலும் ஒரு பொட்டுப் படாதபடி காகிதம் வைத்து டேப்பால் மூட வேண்டும். காய்ந்த பிறகு சுவடு இல்லாமல் உரிக்க வேண்டும். அவள் இழுத்து ஒட்டிய டேப் அளவுகோல் வைத்துக் கிழித்த கோடு மாதிரி நிற்கும். அதனால் வந்த பெயர். முதுகும் அப்படித்தான், வாயும் அப்படித்தான் என்று அவளுக்குக் கீழே வேலை பார்த்த பெண்கள் சொல்வார்கள், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு.

உரிக்காத டேப்போடு ஒரு வண்டியும் வெளியே போகக் கூடாது என்பது அவள் செக்‌ஷனின் சட்டம். "பாதி சவரம் பண்ணின மூஞ்சியோட மாப்பிள்ளையை அனுப்புவீங்களாடி?" என்று கேட்பாள். அதற்குச் சிரிக்கிற முதல் ஆள் கிலுகிலுப்பை. இருபத்தாறு வயதுப் பெண், இன்னும் ஒப்பந்தக் கூலி. எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் அந்தப் பெயர். "மாப்பிள்ளை வந்தாப் போதும்கா, மீதியை நானே சவரம் பண்ணிக்கிறேன்" என்பாள். மொத்தச் செக்‌ஷனும் உருளும். அக்காவின் உதடு மட்டும் அசையாது. ஆனால் நிரந்தரம் செய்ய வேண்டியவர்கள் யார் என்று மேலிடம் கேட்டபோதெல்லாம் முதல் பெயராக அவள் சொன்னது கிலுகிலுப்பையைத்தான்.

அக்காவின் கணவர் எஞ்சின் பூட்டும் பிரிவில் இருந்து காலமானவர். ஒரே மகன் எஞ்சினியரிங் படித்து, அதே தொழிற்சாலையில் மைலேஜ் சோதனைப் பிரிவில் சேர்ந்தான். மூன்று பேரும் ஒரே கேட்டில் உள்ளே போனவர்கள். அந்தக் கேட்டில் இதுவரை அந்த வீட்டு ஆளை நிறுத்திப் பையைத் திறந்து பார்த்ததில்லை. அக்காவுக்கு அதுதான் சொத்து.

அவள் அண்ணன் டாக்சி ஓட்டினார். அவர் வெளிநாட்டுக் கம்பெனி வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் அக்கா அவரோடு பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் அந்த வண்டி அவள் வாசலில் நிற்கக் கூடாது.

"எங்கே நிறுத்தினே?" என்று அந்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்டாள். வெளியே தூறல். அவர் தலையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"தெருக்கோடியில. பயப்படாதே, யாரும் பாக்கலை. கீரைக்காரி மட்டும் பாத்தா. அவளும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கா."

மகன் சிரித்துவிட்டான். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றினாள்.

"உங்க கம்பெனி வண்டியும் ஓட்டிப் பாத்தவன்தான்பா நான்" என்றார் அண்ணன் நாற்காலியில் சாய்ந்து. "பெட்ரோல் பங்க்கைப் பாத்தா ஸ்டீயரிங் தானாத் திரும்புது."

"அது பழைய மாடல் மாமா."

"புது மாடல் என்ன பண்ணும்? பங்க் வர்றதுக்கு முன்னாடியே இண்டிகேட்டர் போடுமா?"

"நீங்க சிரிங்க. சட்டம் வந்தாச்சு. அடுத்த வருஷத்துலேர்ந்து விக்கிற வண்டி லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் ஓடணும். இல்லைன்னா ஒவ்வொரு வண்டிக்கும் அபராதம். இருபதுன்னு எப்படி வச்சாங்க தெரியுமா? வெளிநாட்டுக்காரன் இப்பவே இருபத்திரண்டுல நிக்கிறான். அவன் நின்ன இடத்துக்குப் பின்னாடி கோட்டைப் போட்டுட்டு எங்களை ஓடி வாங்கன்னு சொல்றாங்க. அவனுக்குச் சின்ன வண்டி பழக்கம், அவன் ஊர்ல பெட்ரோல் விலை அப்படி. நாங்க குடும்பமா ஏறி, மூட்டை ஏத்திட்டுப் போற வண்டி செய்யறோம். ரெண்டுக்கும் ஒரே தராசா?"

"கோடு வரப்போகுது வரப்போகுதுன்னு எத்தனை வருஷமாச் சொன்னாங்க? அத்தனை வருஷமும் என்ன பண்ணீங்க? டம்ளர் வைக்க மூணாவதா ஒரு ஓட்டை போட்டீங்க. முன்னாடி பல்லு மாதிரி பளபளன்னு ஒரு தகரம் மாட்டினீங்க. எஞ்சின் அதே எஞ்சின். என் தங்கச்சி புருஷன் பூட்டின எஞ்சின்."

"அது நல்லாத்தான் பூட்டினது" என்றாள் அக்கா.

"பூட்டினது நல்லாத்தான் இருக்கு. அதைத்தானே சொல்றேன், கழட்டவே மாட்டேங்கிறாங்க."

அக்கா தட்டை அவர் முன்னால் சத்தம் வர வைத்தாள். "எங்க அடுப்பு எரியறது அந்த எஞ்சின்ல. என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே அதைத் திட்டாதே. நம்ம ஆளுங்க செஞ்ச வண்டி நாலு சொட்டு பெட்ரோல் கூடக் குடிச்சா நான் ஊத்துவேன்."

"நீ ஊத்துவே. வாடகைக்கு ஓட்டுறவன் எங்கேர்ந்து ஊத்துவான்?" என்று அண்ணன் சொன்னார். பிறகு முட்டையைப் பார்த்துச் சமாதானமாகிவிட்டார்.

அரசாங்க அதிகாரிகள் சோதனைக்கு வருவதற்கு முந்தைய நாள் முதலாளி எல்லோரையும் முற்றத்தில் நிறுத்திப் பேசினார். தூறல் நிற்கவே இல்லை. நம் மண், நம் இரும்பு, நம் வியர்வை என்றார். அந்நியன் நம் சாலையைத் தின்ன வருகிறான் என்றார். அவர் நனையாமல் இருக்கப் பர்சனல் ஆபீசர் குடை பிடித்தார். ஆபீசரின் பாதி உடம்பு நனைந்து, சட்டை வயிற்றோடு ஒட்டித் தொப்புள் தெரிந்தது. கிலுகிலுப்பை அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டாள். அக்காவோ உண்மையாகவே நெஞ்சு நிமிர்ந்து நின்றாள். அவள் மகன் தயார் செய்கிற வண்டிதான் மறுநாள் ஓடப்போவது. முதலாளி 'நம்' என்று சொன்னபோதெல்லாம் அது தன் வீட்டைத்தான் சொல்கிறது என்று நினைத்தாள்.

மறுநாள் காலை மழை விட்டு வெயில் வந்தது. பெயிண்ட் கூடத்துக்கும் சோதனைத் தடத்துக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. வண்டி அதற்குள் தனியாக நின்றது. ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருந்தார். மகன் கேட்டில் அதிகாரிகளை வரவேற்க நின்றான். அக்கா வேலைக்குப் போகிற வழியில் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று எட்டிப் பார்த்தாள். சாய்வாக வந்த வெயிலில் கதவின் விளிம்பு மின்னியது.

பெயிண்ட் அப்படி மின்னாது. கிட்டப் போய் நகத்தை வைத்துப் பார்த்தாள். நிறமில்லாத டேப். பாலிஷ் போடும்போது பளபளப்புத் தகரத்தில் கீறல் விழாமலிருக்க ஒட்டுகிற வகை. நான்கு கதவின் இடுக்குகளிலும் இருந்தது. பானட்டின் விளிம்பில், விளக்குகளைச் சுற்றி, முன்பக்கத் தகரத்தின் சந்துகளில், எங்கும் இருந்தது. அதுவும் ஒட்டிய லட்சணம்! அங்கங்கே சுருக்கம், மூலையில் பிசிறு.

அக்காவுக்கு முகம் சுட்டது. நாடு பார்க்கப்போகிற வண்டி. மகன் தயார் செய்த வண்டி. அதில் தன் செக்‌ஷன் டேப்பை உரிக்காமல் அனுப்பியிருக்கிறது. 'யாருடி அவ, இன்னைக்குத் தோலை உரிக்கிறேன்' என்று முணுமுணுத்தபடி பையை இறக்கி வைத்தாள்.

உரிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் பெயிண்ட் கையோடு வரும். நுனியை நகத்தால் கிளப்பி, வந்த வழியே பின்னால் மடக்கி, மூச்சு விடுகிற வேகத்தில் இழுக்க வேண்டும். அப்படியே இழுத்தாள். பசை நின்ற இடத்தில் தின்னர் தொட்ட துணியால் ஒற்றி, காய்ந்த துணியால் துடைத்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எல்லா டேப்பையும் பந்தாக உருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். நிறமில்லாத டேப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தூரத்திலிருந்து பார்க்க வண்டி ஒன்றுதான். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மதியத்துக்குள் செய்தி செக்‌ஷனுக்கு வந்துவிட்டது. வண்டி பதினெட்டைத் தொடவில்லை.

அன்று மாலை மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தான். அக்கா சாப்பாடு எடுத்து வைத்தாள். பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல அவளிடம் ஒரு விஷயம் இருந்தது.

"மைலேஜ் வரலைன்னா வராம போகட்டும். மானம் போகலை. அதைக் காலையிலேயே நான் காப்பாத்திட்டேன்."

"என்ன காப்பாத்தினே?"

"வண்டி பூரா டேப்பை உரிக்காம விட்டிருந்தாங்கடா! நம்ம பொண்ணுங்கதான். அதிகாரி வந்து பாத்திருந்தா காறித் துப்பியிருப்பான். ஒரு துண்டு இல்லாம எடுத்துட்டேன்."

மகன் வாயில் வைத்த கவளத்தை மெல்லவில்லை. அப்படியே அவளைப் பார்த்தான். பிறகு தட்டில் துப்பினான். சாப்பாட்டுத் தட்டில் துப்புகிறவன் அந்த வீட்டில் இதுவரை பிறந்ததில்லை.

"நீயா?" என்றான். "நீயாம்மா?"

"ஏன்டா?"

"அது உரிக்காம விட்டது இல்லைம்மா. ஒட்டினது. நாங்க ஒட்டினது. ஓடும்போது சந்துல காத்துப் புகுந்து இழுக்கும். சந்தை அடைச்சா வண்டி வழுக்கிட்டுப் போகும். பின் சீட்டைக் கழட்டினோம், ஸ்டெப்னியை எடுத்தோம், டயரைக் கல்லு மாதிரி அடிச்சோம், தண்ணி மாதிரி எண்ணெய் ஊத்தினோம், பேட்டரிக்குச் சார்ஜ் போற வயரைப் பிடுங்கினோம். அத்தனையும் சேர்ந்து இருபது வரணும். டேப் மட்டுமே ரெண்டரை கிலோமீட்டர்மா!"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையை மடியில் துடைத்தாள். கையில் ஒன்றும் இல்லை.

"அப்ப அந்த வண்டி வாங்குறவனுக்கு?"

"வாங்குறவன் டேப் ஒட்டிட்டா ஓட்டப்போறான்?"

"அவனுக்கு எவ்வளவு ஓடும்?"

"பதினஞ்சு, பதினாறு. ஓட்டுற ஆளைப் பொறுத்தது" என்றான். பிறகு கத்தினான். "எல்லாரும் பண்றதுதாம்மா! வெளிநாட்டுக்காரன் மட்டும் யோக்கியமா? சட்டத்துல டேப் ஒட்டக் கூடாதுன்னு எங்கேயும் எழுதலை. இந்த இருபது வரலைன்னா கேட்டை மூடிருவாங்க. நீ, நான், இந்தத் தெரு, எல்லாரும் மாமா வண்டியைத் துடைக்கப் போகலாம்."

"முற்றத்துல நம்ம வியர்வை, நம்ம இரும்புன்னாரே."

"ஆமாம்."

"பசைன்னு சொல்லலையே."

போன் அடித்தது. ஆபீசர் கூப்பிட்டார். மகன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து தொழிற்சாலைக்குப் போனான். அவன் திரும்பியபோது அக்கா படுத்திருந்தாள், தூங்கவில்லை.  காலையில் அவள் எழுவதற்கு முன்னாலேயே போய்விட்டான்.

செக்‌ஷனில் கிலுகிலுப்பையின் இடம் காலியாக இருந்தது. பெண்கள் தலை நிமிராமல் டேப் இழுத்தார்கள்.

"எங்கேடி அவ?"

 காகிதம் வெட்டுகிறவள் சொன்னாள்: "கேட்லயே நிறுத்திட்டாங்கக்கா. சோதனை வண்டியில கை வச்சது அவதானாம். வெளிநாட்டுக் கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டாளாம். பையைக் கவுத்துக் கொட்டிப் பாத்தாங்களாம். சீப்பும் சோத்து டப்பாவும்தான் இருந்துதாம்."

அக்கா கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். நேராகப் பர்சனல் ஆபீசர் அறைக்கு நடந்தாள். அந்த அறையில் மூக்கை அடைக்கும் வாசனைத் தெளிப்பான் அடித்திருந்தது. ஜன்னலோரம் மகன் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் வெளியே எதையோ பார்ப்பதுபோல் திரும்பினான்.

"அந்த டேப்பை உரிச்சது நான்" என்றாள் அக்கா. "அந்தப் பொண்ணு இல்லை. அவளை உள்ளே விடுங்க. எனக்கு என்ன தண்டனையோ கொடுங்க."

ஆபீசர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர் மாதிரி சிரித்தார்.

"உக்காருங்கம்மா. முதல்ல இந்த டேப்புங்கிற வார்த்தையை விடுவோம். எந்த டேப்? வண்டியில டேப்பே இல்லையே."

"அப்ப அந்தப் பொண்ணை எதுக்கு நிறுத்தினீங்க?"

"மேல கேட்டாங்க, ஒரு பேரு வேணும். உங்க மகன் ஒரு பேரு சொன்னாரு."

அக்கா மகனைப் பார்த்தாள். அவன் கழுத்தில் ஒரு நரம்பு புடைத்தது.

"நீயா சொன்னே?"

"உனக்காகத்தாம்மா. உன் பேரை எப்படிச் சொல்ல முடியும்? ரிட்டயர் ஆகப்போற நேரத்துல..."

"நான்னு தெரிஞ்ச பிறகு சொன்னியா?"

அவன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினான். ஆபீசர் மேஜையிலிருந்த பேனாவை நேராக வைத்தார்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. தடம் ஈரமா இருந்துச்சுன்னு அதிகாரிங்க இன்னொரு தடவை ஓட்ட ஒத்துக்கிட்டாங்க. இப்பக் கேள்வி யார் உரிச்சாங்கன்னு இல்லை. யார் ஒட்டுவாங்கன்னுதான். போன தடவை ஒட்டினது நம்ம சோதனைப் பசங்க. வெயில் பட்டா மின்னிச்சுன்னு நீங்களே கண்டுபிடிச்சீங்களே! உங்க கைன்னா கண்ணுக்கே தெரியாது. இந்தத் தொழிற்சாலையில அந்தக் கைக்கு ஈடு இல்லைன்னு முதலாளியே சொல்றாரு."

இத்தனை வருட வேலையில் முதலாளி அவள் கையைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. 

"அந்தப் பொண்ணு?"

"நீங்க ஒட்டுங்க. அது நாளைக்கே வேலைக்கு வரும்."

"ஒட்டலைன்னா?"

"அதோட அத்தை பையன் வெளிநாட்டுக் கம்பெனிக் கிடங்குல மூட்டை தூக்குறானாம். விசாரிச்சிட்டோம். போலீஸ்ல ஒரு புகார் எழுதினா போதும்" என்று பேனாவை இன்னும் கொஞ்சம் நேராக்கினார். "உங்க அண்ணனும் அந்த வண்டிதானே ஓட்டுறாரு?"

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். மகன் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னான்: "ஒரு காலைப் பொழுது வேலைம்மா. எல்லாருக்கும் நல்லது. ஒத்துக்கோ."

"முதல்ல அவ உள்ளே வரட்டும்" என்றாள் அக்கா ஆபீசரைப் பார்த்து. "அப்புறம் ஒட்டுறேன். நான் ஒட்டும்போது கொட்டகைக்குள்ள ஒருத்தரும் வரக் கூடாது. கதவு திறந்தா தூசி வரும்."

கிலுகிலுப்பை வந்தாள். தன் இடத்தில் நின்று, தன் டேப்பை இழுத்து, தன் கண்ணாடியை மூடினாள்.  பக்கத்தில் நின்றவள் வேண்டுமென்றே ஆபீசரின் தொப்புளைப் பற்றி ஏதோ சொன்னாள். கிலுகிலுப்பை தலையை மட்டும் ஆட்டினாள். அக்கா அவள் அருகில் இரண்டு முறை போய்விட்டுத் திரும்பினாள். என் பிள்ளை என்று தொடங்கும் எந்த வாக்கியமும் அவள் வாயில் வரவில்லை.

இரண்டாவது சோதனை நாளன்று விடியும்போதே அக்கா கொட்டகைக்குள் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். மேஜையில் ஆபீசர் வாங்கி வைத்த நிறமில்லாத டேப் சுருள்கள் இருந்தன. நல்ல விலை உயர்ந்த சரக்கு. அவள் அவற்றைத் தொடவில்லை. தன் பையிலிருந்து மாஸ்கிங் டேப்பை எடுத்தாள். செக்‌ஷனில் தினமும் கையாள்கிற, நாலு விரல் அகலமுள்ள மஞ்சள் காகித டேப்.

முன் கதவிலிருந்து ஆரம்பித்தாள். இடது கைக் கட்டைவிரலால் நுனியை அழுத்தி, வலது கையால் ஒரே இழுப்பு, பின்னால் ஒரு துணி உருண்டையால் தேய்ப்பு. சுருக்கமில்லை, பிசிறில்லை. வளைவு வரும் இடத்தில் டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மடிப்பு விழாமல் கொண்டுபோனாள். விளக்குகளைச் சுற்றி வட்டம். பானட்டைச் சுற்றிக் கரை. முன்பக்கத் தகரத்தின் பல் இடுக்குகள் ஒவ்வொன்றிலும் ஒரு பட்டை. வாழ்நாளில் அவள் செய்த வேலைகளில் அதுதான் நேர்த்தியானது. வெளியே மகன் இரண்டு முறை கதவைத் தட்டினான். "தூசி" என்று மட்டும் உள்ளிருந்து சொன்னாள்.

அதிகாரிகளின் பேச்சுக் குரல் கொட்டகைக்கு வெளியே கேட்ட பிறகுதான் தாழை நீக்கினாள்.

கரும்பச்சை வண்டி. அதன் ஒவ்வொரு சந்தும் மஞ்சள் கோட்டில் தெரிந்தது. சின்னப் பிள்ளை வரைந்து வண்ணம் தீட்டிய படம் மாதிரி நின்றது. கேட்டிலிருந்து பார்த்தாலே தெரியும்.

மகன் முகத்தில் ரத்தமில்லை. ஆபீசர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். அதிகாரிகள் நடுவே நின்றுகொண்டு யாரும் எதையும் உரிக்க முடியாது. அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். கேட்கட்டும் என்று காத்திருந்தாள். எதற்கு ஒட்டியது என்று யார் கேட்டாலும் சொல்வதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது.

பெரிய அதிகாரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். கதவோரம் நின்று மஞ்சள் பட்டையை விரலால் தடவினார்.

"இது என்ன?"

"பெயிண்ட் பாதுகாப்புக்கு சார்" என்றார் ஆபீசர். "ஏற்றுமதி வண்டி."

"ஓ."

கூட வந்த இளைய அதிகாரி ஒரு அடி முன்னால் வந்தார். "சார், இது..." என்றார். பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். இளையவர் பின்வாங்கினார்.

"தடம் ஈரம்னு போன தடவையே எழுதிக் கொடுத்தாச்சு" என்றார் பெரியவர், வானத்தைப் பார்த்துப் பேசுவதுபோல. "மேலேயும் பேசியாச்சு. இதுக்கு மேல நான் என்ன செய்ய முடியும்? வண்டியை எடுங்க. சாப்பாடு எத்தனை மணிக்கு?" போகிறபோது மறுபடி ஒருமுறை டேப்பைப் பார்த்தார். "யார் ஒட்டினது? நல்ல நேர்த்தி."

அக்கா தயாராக வைத்திருந்த பதில் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. வாயில் எச்சில் ஊறியது. கொட்டகைக்குப் பின்னால் போய்த் துப்பினாள்.

வண்டி லிட்டருக்கு இருபதைத் தாண்டிக் கொஞ்சம் ஓடியது. ஒலிபெருக்கியில் முதலாளி குரல் வந்தது. அந்நியனுக்கு நாம் யார் என்று காட்டிவிட்டோம் என்றார். எல்லோருக்கும் ஒரு டப்பாவில் கேக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அண்ணன் வண்டியோடு காத்திருந்தார். அவள் ஏற மாட்டாள் என்று தெரிந்து, இறங்கிப் பக்கத்தில் நின்றார். ஊர் முழுக்கச் செய்தி போயிருந்தது.

"மஞ்சள்ல ஒட்டினியாமே, தங்கச்சி."

"யாரும் ஒண்ணும் கேக்கலைண்ணா."

"கேப்பாங்கன்னு நினைச்சியா? வெளிநாட்டுக்காரனும் ஒட்டுறான்னுதான் எங்க ஸ்டாண்டுல பேச்சு. அவன் டேப்பு கொஞ்சம் ஒசத்தி, அவ்வளவுதான். என் வண்டிக்குச் சொன்ன மைலேஜும் இன்னும் வந்து சேரலை, வழியில எங்கேயோ நிக்குது" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவரும் அதற்குப் பிறகு வேடிக்கை பேசவில்லை.

வீட்டில் மகன் கேக் டப்பாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். முகம் கழுவிச் சட்டை மாற்றியிருந்தான்.

"பயந்துட்டேன்மா. ஆனா பாத்தியா, ஒருத்தன் வாய் திறக்கலை. ஆபீசர்கூடச் சிரிச்சிட்டாரு. என்னைச் செக்‌ஷன் ஹெட்டாப் போடப் பேசுறாங்க."

"செருப்பைப் போடு."

"எங்கே?"

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு. அவ அப்பா முன்னாடி நின்னு, பேரைச் சொன்னது நான்தான், பொய்யாச் சொன்னேன்னு சொல்லு. அதுக்கப்புறம் இந்த வீட்டுல சாப்பிடு."

அவன் வாதாடிப் பார்த்தான். எல்லாம் முடிந்துபோன விஷயம் என்றான். கடைசியில் வந்தான், கேக் டப்பாவையும் எடுத்துக்கொண்டு.

கிலுகிலுப்பையின் வீடு ஒற்றை அறை. அப்பா பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்ந்தவர், கால் வீங்கியிருந்தது. எஞ்சினியரைப் பார்த்ததும் சுவரைப் பிடித்து எழுந்து, இருந்த ஒரே நாற்காலியைத் தோள் துண்டால் துடைத்தார்.

"சார் நம்ம வீட்டுக்கு வரணுமா! உக்காருங்க சார், உக்காருங்க. அம்மா, நீங்களும்... ஏய், டீ போடு. ஆபீசர் சொன்னாராம்மா, சார் பேசினதாலதான் என் பொண்ணை மறுபடி எடுத்தாங்கன்னு. இல்லைன்னா போலீசு அது இதுன்னு நாங்க எங்கே போவோம் சார்? உங்களுக்கு எப்படி..."

மகன் அம்மாவை ஒரு கணம் பார்த்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பரவாயில்லைங்க" என்றான். "நம்ம ஆளுங்களுக்கு நாமதானே செய்யணும்."

அடுப்படியிலிருந்து கிலுகிலுப்பை டீயோடு வந்தாள். அவன் வாங்கி ஒரு வாய் குடித்தான். அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் தொண்டையில் டீ இறங்குவதைப் பார்த்தாள். அந்தத் தொண்டையை அவள் பெற்றிருந்தாள்.

"பேரைச் சொன்னது இவன்தான்" என்றாள். குரல் அறை முழுக்கக் கேட்டது. "உரிச்சது நான். அது தெரிஞ்சே உங்க பொண்ணு பேரைச் சொன்னான். என் வயித்துல பிறந்தவன்."

அப்பாவின் துண்டு கையிலேயே நின்றது. யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். மகன் கேக் டப்பாவின் மூடியை அழுத்தி அழுத்தி மூடினான்.

"தெரியும்கா" என்றாள் கிலுகிலுப்பை.

"என்னடி தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். கேட் வாட்ச்மேன் சொல்லிட்டாரு. செக்‌ஷன்ல எல்லாருக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன்டி ஒருத்தியும் என்கிட்ட சொல்லலை?"

 கிலுகிலுப்பை அடிபட்டவரிடம் பேசுகிற மாதிரி மெல்லச் சொன்னாள்.

"சொல்ல வேண்டாம்னு பேசி வச்சுக்கிட்டோம்கா. நீங்க தாங்க மாட்டீங்கன்னு."

அக்காவின் கை நிலையிலிருந்து நழுவியது. அவளை இதுவரை யாரும் பாவம் பார்த்ததில்லை.

கிலுகிலுப்பை நாற்காலி அருகே போனாள். பாதி குடித்த டீ கிளாஸை மகன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தொட்டியில் டீயைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு கிளாஸைத் தேய்க்கிற சத்தம், நெடுநேரம்.

"எழுந்திருடா" என்றாள் அக்கா. "அது அவங்க நாற்காலி."